பதினைந்து டாலரும் ஒரு மர பெஞ்சும்: ஹராரே பாட்டிமாரின் மனநலச் சேவை, ஒரு நிகழ்வு ஆய்வு

2005-ஆம் ஆண்டு. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவுக்கு வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து போன் வந்தது. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த 26 வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று அங்கே சேர்க்கப்பட்டிருந்தார். உடம்பு தேறியதும் மகளை ஹராரேக்கு அழைத்து வருவது என்று பெண்ணின் அம்மாவும் சிபாண்டாவும் பேசி முடிவு செய்தார்கள். ஒரு வாரத்தில் வந்துவிடலாம் என்பது கணக்கு. மூன்று வாரம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. மகள் மூன்று நாளுக்கு முன்பு தற்கொலை செய்துகொண்டாள் என்றார்.

ஏன் அழைத்து வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். பஸ்ஸுக்குப் பதினைந்து டாலர் இல்லை என்றார் அம்மா.

சிபாண்டா இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பதிலைத் தாண்டிப் போக முடிவதில்லை. நோய் என்னவென்று தெரிந்திருந்தது. மருத்துவர் காத்திருந்தார். அம்மா மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். நடுவில் இருந்தது 250 கிலோமீட்டருக்கு மேலான சாலை, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வருவதாகச் சொன்ன பெண் ஏன் வரவில்லை என்று அந்த மூன்று வாரத்தில் அவர் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு ஹராரேயில் உருவான 'நட்பு பெஞ்ச்' சேவையைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தச் சேவையில் உள்ள ஒவ்வொரு ஏற்பாட்டையும் இந்தப் பதினைந்து டாலரோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்குகிறது.

கையில் கிடைத்தது

ஜிம்பாப்வேயில் அப்போது ஒரு கோடிக்கு மேல் மக்கள். மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னால் பல ஆண்டுகள் கழித்தும் ஒன்றரைக் கோடி மக்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதே 2005-இல் அரசு 'முரம்பட்ஸ்வினா' என்ற பெயரில் நகரங்களின் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. குப்பையை அகற்றுவது என்பது அந்த ஷோனா மொழிச் சொல்லின் பொருள். வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது. ஹராரேயின் பழைய உழைப்பாளர் குடியிருப்பான ம்பாரே அடிபட்ட பகுதிகளில் ஒன்று. எச்.ஐ.வி. கொண்டுபோன உயிர்களால் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு துக்கம் இருந்த காலம் அது.

ம்பாரேயில் மனநலச் சேவை தொடங்க வேண்டும் என்று சிபாண்டா கேட்டபோது, கிளினிக்குக்குள் அறை இல்லை, நர்ஸ்களுக்கு இருக்கும் வேலையே தலைக்கு மேல் என்ற பதில்தான் வந்தது. பணமும் இல்லை. கொடுக்க முடிந்தது 14 பாட்டிமாரை. நகரச் சுகாதாரத் துறையின் கீழ் வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி, காசநோய், எச்.ஐ.வி. பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் அவர்கள். ஊரில் அவர்களுக்கு 'அம்புயா உதானோ' என்று பெயர், சுகாதாரப் பாட்டி என்று சொல்லலாம். வயது சராசரியாக 58. படிப்பு எட்டாம் வகுப்பு அளவு. இவர்களை வைத்து மனநல சிகிச்சையா என்று தனக்கும் முதலில் சந்தேகம் இருந்ததைச் சிபாண்டா மறைத்ததில்லை.

பிறகுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. படித்த நர்ஸும் டாக்டரும் நல்ல சம்பளம் தேடி வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டி எங்கேயும் போகமாட்டார். அந்தத் தெருவில்தான் பிள்ளை பெற்றார், அங்கேயேதான் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்கிறவர் அவர்.

உள்ளே இடமில்லாததால் கிளினிக் வளாகத்தில், மர நிழலில், ஒரு மர பெஞ்சைப் போட்டார்கள். 2006-இல் வேலை தொடங்கியது.

பெயரைத் திருத்தியவர்கள்

தொடக்கத்தில் அதற்கு 'மனநல பெஞ்ச்' என்று பெயர். அதில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த தெரு வரைக்கும் செய்தி போய்விடும். பாட்டிமார்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். ஷோனாவில் 'சிகாரோ செகுபனமசானோ' என்று ஆனது. ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ள உட்காரும் இருக்கை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதை நட்பு பெஞ்ச் என்றார்கள்.

பயிற்சியில் இருந்த சொற்களுக்கும் இதே கதிதான். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்றெல்லாம் மருத்துவப் பாடத்தில் இருப்பதை அப்படியே கொண்டுபோய்ப் பேசினால் எங்கள் சனத்துக்கு ஒட்டாது என்று பாட்டிமார் சொல்லிவிட்டார்கள். ஷோனா பேசுகிறவர்கள் தங்கள் மனத்துயரத்துக்கு வைத்திருந்த சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசிப்பது. யோசித்து யோசித்துத் தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது என்பார்கள். சொல் ஊர்ப் பேச்சுதான், ஆனால் மருத்துவம் இதை ஒதுக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பிலேயே குஃபுங்கிசிசா இடம்பெற்றிருக்கிறது.

தமிழில் இதைப் படிக்கிறவருக்கு விளக்கமே தேவைப்படாது. 'இப்பல்லாம் ரொம்ப யோசனையா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்ல' என்று நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? அதே வாயால் 'எனக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்' என்றும் கேட்கிறோம். நோய்க்கும் மருந்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். தனியாக யோசித்தால் நோவு, இன்னொருவரோடு சேர்ந்து யோசித்தால் வழி. ம்பாரேயில் அந்த பெஞ்சில் நடப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாட்டிமார் பயன்படுத்தும் கேள்வித்தாளும் உள்ளூரில் பிறந்ததுதான். 1990-களில் ஹராரேயில் பணியாற்றிய இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவரோடு இருந்தவர்களும், அங்கே நோயாளிகள் தங்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு 14 கேள்விகளைத் தொகுத்தார்கள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். கடந்த ஒரு வாரத்தில் நிறைய விஷயங்களைப் போட்டு ஆழமாக யோசித்தாயா, அற்ப விஷயத்துக்குக் கோபம் வந்ததா, கெட்ட கனவு வந்ததா, வயிறு வலித்ததா, வேலை பின்தங்கியதா, அழுகை வந்ததா, சாக வேண்டும் என்று தோன்றியதா. மனத்தைப் பற்றிக் கேட்கிற தாளில் வயிற்று வலியும் முடியாமல் கிடக்கும் வேலையும் இருப்பதைப் பாருங்கள். துயரம் எங்கெல்லாம் தங்கும் என்பதை வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார்கள்.

பெஞ்சில் ஒரு முற்பகல்

முறை என்னவென்று சொல்ல ஒரு மாதிரிக் காட்சியை வைத்துக்கொள்வோம். இதில் வருகிறவர் எந்தத் தனிப்பட்ட நோயாளியும் இல்லை.

முப்பது வயதுப் பெண். தலைவலிக்கு மாத்திரை வாங்கக் கிளினிக் வந்தவரிடம் அந்த 14 கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒன்பதோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் மரத்தடிக்கு அனுப்புவார்கள். பாட்டி நகர்ந்து இடம் கொடுக்கிறார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்கிறார்கள். நடுவில் மேசை கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே பலகை, ஒரே உயரம்.

"என் பிள்ளையே, என்ன நடந்தது, சொல்லு."

முதல் கட்டத்துக்கு 'கூவூரா ஃபுங்வா' என்று பெயர், மனத்தைத் திறப்பது. பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார். கணவனுக்கு வேலை போனது, வாடகை மூன்று மாதம் நிற்கிறது, எச்.ஐ.வி. இருப்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை, மாமியார் பேச்சு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம். எல்லாம் ஒரே மூச்சில் வரும், அழுகையும் வரும். அழுது முடிக்கும்வரை பாட்டிக்கு அவசரமில்லை.

அப்புறம்தான் பாட்டி கேட்கிறார்: "இத்தனையில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்?"

முறையின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. பாட்டி தேர்ந்தெடுப்பதில்லை, வந்தவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மட்டும். வாடகை என்று அந்தப் பெண் சொன்னால், வாடகைக்கு என்னென்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நேரில் போய்த் தவணை கேட்பதா, தக்காளி வாங்கி விற்பதா, அக்காவிடம் பேசுவதா? ஒன்றை முடிவு செய்து, எந்த நாளில், எப்படிச் செய்வது என்பது வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். இது 'குசிமுட்ஸிரா', தூக்கி நிறுத்துவது. அடுத்த வாரம் வரும்போது செய்தது நடந்ததா, நடக்கவில்லையென்றால் எங்கே தடை என்று பார்ப்பார்கள். அப்படிப் பிடி கிடைத்தபின் 'குசிம்பிசா', உறுதிப்படுத்துவது. ஒரு சந்திப்பு முக்கால் மணி நேரம், மொத்தம் ஆறு சந்திப்பு வரை. மனநலத் துறையில் சிக்கல் தீர்க்கும் சிகிச்சை என்று பெயருள்ள முறைதான் இது. பாட்டிமார் கையில் அது வீட்டுப் பேச்சாக மாறியிருக்கிறது.

வாடகைப் பிரச்சினை தீர்ந்தால் மனச்சோர்வு போய்விடுமா என்று கேட்கலாம். எனக்குப் படுவது இது: யோசனை ஏறி ஏறி மனம் நொந்த ஒருவருக்கு முதலில் போவது 'என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்ற நினைப்புதான். பத்துப் பிரச்சினையும் ஒரே மூட்டையாகத் தலையில் இருக்கும்வரை அது திரும்பாது. மூட்டையைப் பிரித்து ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைத்து, அதில் ஓர் அங்குலம் நகர்த்திவிட்டால் மீதி ஒன்பதும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். வாடகை பாக்கி அப்படியே இருக்கலாம், அதைச் சொல்லி அழுத பெண் போன வாரத்துப் பெண்ணாக இருக்கமாட்டார்.

பெஞ்ச் முடிந்ததும் கையை விட்டுவிடுவதில்லை. 'குபத்தனா தோசே' என்று ஒரு குழு இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து கைகோப்பது என்று பொருள். பெஞ்சிலிருந்து தேறி வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேசும்போதே கை வேலையும் நடக்கும். பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றாக வெட்டிக் கொக்கி ஊசியால் பின்னிப் பைகள் செய்வார்கள். பை விற்றால் கொஞ்சம் காசு. கை வேலையில் இருக்கும்போது யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் சொல்ல முடியாததும் எளிதாக வெளியே வரும். நம் ஊரில் பூக்கட்டிக்கொண்டே, பீடி சுற்றிக்கொண்டே பெண்கள் பேசாத கதையா?

எண்கள் சொல்வது

நல்ல மனத்தோடு தொடங்கிய எத்தனையோ சேவைகள் 'பலன் தெரிகிறது' என்ற பேச்சோடு நின்றுவிடுகின்றன. இவர்கள் நிற்கவில்லை. ஹராரேயில் 24 கிளினிக்குகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் பெஞ்ச், பாதியில் வழக்கமான சிகிச்சை என்று பிரித்தார்கள். மொத்தம் 573 பேர். வழக்கமான சிகிச்சையையும் சும்மா விடவில்லை. நர்ஸ் மதிப்பீடு செய்வார், நோயைப் பற்றி எடுத்துச் சொல்வார், தேவைப்பட்டால் மனச்சோர்வு மாத்திரை கொடுப்பார், மேல் மருத்துவமனைக்கும் அனுப்புவார். ஏமாற்று ஒப்பீடு இல்லை.

ஆறு மாதம் கழித்து 521 பேரைத் திரும்பவும் பார்த்தார்கள். அந்த 14 கேள்விக்கான சராசரி மதிப்பெண் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் 8.90, பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் 3.81. மனச்சோர்வு அறிகுறிகள் தனியாக வேறொரு கேள்வித்தாளால் அளக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 49.9 சதவீதம் பேருக்கு அவை இருந்தன, பெஞ்ச் பிரிவில் 13.7 சதவீதம் பேருக்கு. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுமை குறைந்தவர்களாகப் பொறுக்கி எடுத்துச் செய்த சோதனை இல்லை இது.

ஆனால் சிலவற்றை நேராகச் சொல்ல வேண்டும். சோதனையில் இருந்தவர்களில் 86 சதவீதம் பெண்கள். பகல் வேளையில் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அவர்கள்தானே. வேலையற்றுப் போன, குடிக்குள் போன ஆண்களை பெஞ்ச் பெரிதாக எட்டவில்லை. யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பது நோயாளிகளுக்கே தெரியும் என்பதால், பாட்டியின் பாசத்துக்காகக் கொஞ்சம் நன்றாகவே பதில் சொல்லியிருக்கவும் கூடும். பலன் சிக்கல் தீர்க்கும் முறையால் வந்ததா, ஒருவர் முழு முக்கால் மணி நேரம் காது கொடுத்ததால் வந்ததா என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் பெஞ்சில் அவை இரண்டும் பிரிந்து இருப்பதே இல்லை.

மேற்பார்வையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. புகைப்படத்தில் தெரிவது பாட்டியும் பெஞ்சும்தான். பின்னால் பல நாள் பயிற்சி இருக்கிறது, எழுதி வைத்த வழிமுறை இருக்கிறது, பாட்டிமார் கூடிப் பேசிக் கடினமான நோயாளிகளைப் பற்றி ஆலோசனை கேட்க மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்கிறவரின் மனத்தை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் அந்தக் கூட்டம்தான் பதில். இதை விட்டுவிட்டுப் பெஞ்சை மட்டும் நகல் எடுக்கிறவர்களிடம் கடைசியில் மிஞ்சப்போவது ஒரு மரச்சாமான்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியர், சுயஉதவிக் குழு, வீடு தேடிப் போகும் மருந்து என்று ஆட்களும் அமைப்பும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு வாசலில் நிற்கிறவருக்கு அந்த 14 கேள்வியைக் கேட்க நேரமும் பயிற்சியும் கொடுத்திருக்கிறோமா, பதிலைக் கேட்டபின் அவர் யாரைக் கூப்பிடுவார் என்று முடிவு செய்திருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெஞ்சுக்கு அப்பால் இருப்பவர்கள்

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். அந்த 26 வயதுப் பெண்ணின் ஊரிலேயே இப்படி ஒரு பெஞ்ச் இருந்து, அவர் அதற்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பாட்டி அவரை ஆறு சந்திப்புகளில் சரி செய்திருப்பார் என்று சொன்னால் அது பொய். தற்கொலை முடிவோடு இருப்பவர்களும், இல்லாத குரல்கள் கேட்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களும் பெஞ்ச் சிகிச்சைக்கு உரியவர்கள் இல்லை என்று வழிமுறையே சொல்கிறது. 2016 சோதனையிலும் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. பாட்டியின் வேலை அதைக் கண்டுபிடித்து, அந்த நொடியே மேற்பார்வையாளருக்குச் சொல்லி, மருத்துவரிடம் சேர்ப்பது. (நம்மூரில் இதைப் படிக்கும்போது உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அப்படி ஓர் எண்ணம் இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.)

ஆகவே அந்தப் பெண்ணுக்கு மருத்துவர் வேண்டியிருந்திருக்கும், மருந்து வேண்டியிருந்திருக்கும், பஸ்ஸுக்குப் பதினைந்து டாலரும் வேண்டியிருந்திருக்கும். பெஞ்ச் கொடுத்திருக்கக்கூடியது வேறு. இந்தப் பாட்டிமார் பெஞ்சோடு நிற்பவர்கள் இல்லை, வீட்டுக்கும் போகிறவர்கள். வருவதாகச் சொன்னவர் வரவில்லையென்றால் போன் செய்வார்கள், தெரு தெரியும், வீடு தெரியும். முதல் வாரம் முடிந்து எட்டாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்று, "என்னம்மா, பிள்ளையை இன்னும் ஹராரேக்குக் கூட்டிப் போகலையா?" என்று கேட்டிருப்பார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்று அம்மா அப்போதே ஒருவரிடம் சொல்லியிருப்பார்.